பாக் விரிகுடாவைப் பங்குபோட்டுக் கணக்கிடுதல்: பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இறுதியாண்டு புராஜெக்டுக்காகக் கடல்மட்டத்தைக் கணிக்கும் நிரல்களை எழுதுகிறார்கள். சிறிய கட்டவலையில் (கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்த புள்ளிகளில்) அழகாக ஓடும் நிரல், பெரிதாக்கியதும் நின்றுவிடுகிறது. உடனே போன் வரும்: "அண்ணே, எட்டு கோர் இருக்கு, ஆனாலும் நகரவே மாட்டேங்குது." அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பாக் விரிகுடாவின் மேல் 100 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். 100 மீட்டருக்கு ஒரு புள்ளி. பக்கத்துக்கு 1000 புள்ளி என்றால் மொத்தம் 10 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

கடல்மட்டத்துக்கும் நேரியல் சமன்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஓரிடத்தில் நீர் ஏறுகிறது என்றால் அது பக்கத்திலிருந்து வந்த நீர்தான். ஒரு புள்ளிக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு அண்டைகள். அவற்றோடு அந்தப் புள்ளியையும் சேர்த்தால் ஒரு சமன்பாட்டில் ஐந்து தெரியாத எண்கள். 10 லட்சம் புள்ளிக்கு 10 லட்சம் சமன்பாடு.

சமன்பாட்டைத் தீர்க்காமலே தப்பிக்கவும் ஒரு வழி உண்டு. அண்டைகளின் பழைய மட்டத்தை வைத்தே புதிய மட்டத்தை நேரடியாகப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு நேரப்படிக்குள் (கணக்கு ஒரு தடவை முன்னே நகரும் நேர இடைவெளிக்குள்) அலை ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது; போனால் விடை வெடித்துவிடும். நீண்ட அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், பத்து மீட்டர் ஆழத்தில் அது நொடிக்குச் சுமார் 10 மீட்டர் ஓடும். ஒரு கட்டத்தைக் கடக்கப் பத்து நொடி ஆகும். தென்கடலான மன்னார் வளைகுடாவிலோ ஆழம் ஆயிரம் மீட்டரைத் தொடும் இடத்தில் வேகம் நொடிக்கு 100 மீட்டருக்கு அருகில் போய்விடும். அங்கே ஒரே நொடியில் கட்டம் கடந்துவிடும். இரண்டு கடலையும் ஒரே கட்டவலையில் வைத்தால் ஆழமான பக்கம் சொல்கிறபடிதான் மொத்த நிரலும் நொடி நொடியாக நகர வேண்டும்.

அதற்குப் பதிலாக அண்டைகளின் புதிய மட்டத்தையே சமன்பாட்டில் வைத்தால் இந்தக் கட்டுப்பாடு விலகிவிடும், நிமிடக்கணக்கில் அடி எடுத்து வைக்கலாம். ஆனால் அந்தப் புதிய மட்டம் யாருக்குமே இன்னும் தெரியாது. அதனால் 10 லட்சத்தையும் ஒன்றாகத் தீர்த்தாக வேண்டும். ஒவ்வொரு நேரப்படிக்கும் ஒரு தடவை.

ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் போதாதா?

புராஜெக்டுக்குப் போதும். புயலுக்குப் போதாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்பதை நம் வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் சேர்த்து ஊரையே கடல் எடுத்துக்கொண்டது. அலை ஏறும் கணக்கு, அலை ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புயலின் பாதை சற்று மாறினால் மறுபடியும் ஓட்ட வேண்டும். சாத்தியமான பல பாதைகளுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். இந்த வேகத்துக்காகத்தான் வேலையைப் பல பிராசஸர்களுக்குப் பிரிக்கிறோம். இதைத்தான் இணைக் கணிப்பு என்கிறார்கள்.

பள்ளியில் படித்த காஸ் நீக்கல் முறையையே பெரிதாகச் செய்தால் என்ன?

முழு அணியாகச் செய்தால் முடியாது. 10 லட்சம் வரிசை, 10 லட்சம் நெடுவரிசை என்றால் ஒரு லட்சம் கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் 8 டெராபைட். நீக்கலுக்குத் தேவையான செயல்கள் சமன்பாடுகளின் எண்ணிக்கையின் மும்மடியில் மூன்றில் இரண்டு பங்கு. நொடிக்குப் பத்தாயிரம் கோடி செயல்கள் செய்யும் கணினிக்குக்கூட ஏறக்குறைய 77 நாள் ஆகும். அதுவும் ஒரே ஒரு நேரப்படிக்கு.

ஆனால் நம் அணியில் வரிசைக்கு ஐந்து எண்தான் இருக்கிறது, மீதியெல்லாம் பூஜ்யம். இப்படிப்பட்டதை ஸ்பார்ஸ் அணி என்பார்கள். பூஜ்யமில்லாத 50 லட்சம் எண்களையும் அவை இருக்கும் இடங்களையும் மட்டும் சேமித்தால் 65 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு செல்போனிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஸ்பார்ஸ் அணியிலேயே நீக்கல் செய்யலாமே?

செய்யலாம், நன்றாகவே ஓடும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஒரு புள்ளியின் மட்டத்தை மற்றச் சமன்பாடுகளிலிருந்து நீக்கும்போது அதன் அண்டைகள் ஒன்றோடொன்று நேராகப் பிணைந்துவிடும். பூஜ்யமாக இருந்த இடங்களில் எண்கள் முளைக்கும். புள்ளிகளை வரிசை வரிசையாக நீக்கிக்கொண்டே போனால் 50 லட்சமாக இருந்தது 100 கோடி எண்களாகப் பெருகி 8 ஜிகாபைட்டைப் பிடித்துவிடும்.

எந்தப் புள்ளியை முதலில் நீக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். 1973இல் ஆலன் ஜார்ஜ் என்பவர் காட்டிய வழி இது: கட்டவலையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள். கோட்டின் மேலுள்ள புள்ளிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நீக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி இரண்டாகப் பிரியுங்கள், இப்படியே போய்க்கொண்டிருங்கள். நம் உதாரணத்தில் 8 ஜிகாபைட் என்பது சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதோடு இரண்டு பக்கங்களுக்கும் இடையே பேச்சே இல்லாததால் இரண்டு பிராசஸர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்.

பிரிக்கும் கோடு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இதற்கு நம் கரையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வடகடலையும் தென்கடலையும் ஒரே கட்டவலையில் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேரும் இடம் பாம்பன் கால்வாயும், அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள வாய்களும்தான். பாம்பன் பக்கம் இரண்டு கிலோமீட்டர் அகலம் என்றால் நம் கட்டவலையில் இருபது புள்ளிதான். மணல் திட்டுப் பக்கத்தையும் சேர்த்தால் சில நூறு. இரு பக்கமும் லட்சக்கணக்கான புள்ளிகள் இருக்க, நடுவில் சில நூறு புள்ளிகளை மட்டும் கடைசிக்கு ஒதுக்கினால் போதும். கடலே போட்டுக் கொடுத்த கோடு இது.

யாக்கோபி முறைதான் இணைக் கணிப்புக்கு மிகவும் ஏற்றது என்று பாடத்தில் இருக்கிறது. உண்மையா?

பாதி உண்மை. 1845இல் யாக்கோபி வெளியிட்ட அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் அண்டைகளின் பழைய மதிப்பை மட்டும் பார்த்துத் தன் புதிய மதிப்பைப் போடும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். 10 லட்சம் பிராசஸர் இருந்தால் 10 லட்சத்துக்கும் வேலை கொடுக்கலாம்.

ஆனால் விடை நிலைக்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எத்தனை சுற்று? ஒரு சுற்றில் ஒரு செய்தி ஒரு கட்டம்தான் நகரும். தொண்டிப் பக்கம் நடந்த மாற்றம் தனுஷ்கோடிக்குத் தெரிய நூற்றுக்கணக்கான சுற்று ஆகும். அது திரும்பி வந்து அடங்கி நிலைக்க அதைவிடப் பல மடங்கு. நேரப்படியை மிகவும் பெரிதாக எடுத்தால் சமன்பாடு எந்த எல்லையை நெருங்குமோ அந்த மோசமான நிலையில், 1000க்கு 1000 கட்டவலையில் பிழையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்க யாக்கோபிக்குச் சுமார் 28 லட்சம் சுற்று தேவைப்படும். நேரப்படி சிறிதானால் சுற்றும் குறையும் என்பது சரி. ஆனால் சிறிய அடியே போதும் என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கும் வழிக்கே நாம் வந்திருக்க மாட்டோம்.

காஸ்-சீடல் முறை, அப்போதுதான் கிடைத்த புதிய மதிப்பை உடனே எடுத்துக்கொள்கிறது. சுற்று பாதியாகும். ஆனால் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்கலாம் என்ற வரிசை வந்துவிடும். சதுரங்கப் பலகை போலப் புள்ளிகளுக்குச் சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்தால் சிவப்புக்கு அண்டையெல்லாம் கறுப்பு, கறுப்புக்கு அண்டையெல்லாம் சிவப்பு. சிவப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், பிறகு கறுப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடிக்கலாம். அழகான தந்திரம்தான். இருந்தாலும் 14 லட்சம் சுற்று என்பது 14 லட்சம் சுற்றுதான்.

எத்தனை பேருக்குப் பங்குபோடலாம் என்பதை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விடை எப்போது கையில் வருகிறது என்று பாருங்கள்.

அப்படியானால் எந்த முறையில் தொடங்குவது?

கான்ஜுகேட் கிரேடியன்ட். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திசையில் ஓர் அடி வைத்து விடையை நெருங்கும் முறை. 1952இல் ஹெஸ்டீன்ஸும் ஸ்டீஃபலும் சேர்ந்து வெளியிட்டது. சமச்சீரான, பாசிட்டிவ் டெஃபினிட் எனப்படும் அணிகளுக்கு இது பொருந்தும். நம் நீர்மட்டச் சமன்பாடு அந்த வகைதான். 28 லட்சம் சுற்று கேட்ட அதே கணக்கு இதில் சில ஆயிரம் சுற்றில் முடியும். புயலால் ஏறும் நீரைக் கணிக்க உலகில் பல இடங்களில் பயன்படும் அட்சர்க் என்ற மாதிரியும் அணியைத் தீர்க்கும்போது இந்தக் குடும்பத்து முறையைத்தான் எடுக்கிறது. அணி சமச்சீராக இல்லாவிட்டால், உதாரணமாக நீரோட்டம் உப்பை இழுத்துச் செல்லும் கணக்கு என்றால், 1986இல் சாதும் ஷுல்ட்ஸும் தந்த ஜிஎம்ரெஸ் பக்கம் போங்கள்.

கான்ஜுகேட் கிரேடியன்ட்டை ஆயிரம் பிராசஸரில் போட்டால் ஆயிரம் மடங்கு வேகம் வருமா?

வராது. ஏன் வராது என்பது புரிந்துவிட்டால் இந்தத் துறையில் பாதி புரிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். ஒவ்வொருவர் கையிலும் பலம் இருக்கிறது, ஆனால் பலம் மட்டும் போதாது. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை கோணிப் போகும், மீன் தப்பிவிடும். அதனால்தான் அம்பா பாட்டுப் பாடுகிறார்கள். அடுத்த இழுப்பு எப்போது என்பதை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்வது அந்தப் பாட்டு.

கான்ஜுகேட் கிரேடியன்ட்டின் ஒவ்வொரு சுற்றிலும் இப்படி இரண்டு இடம் உண்டு. அணியைத் திசையனால் பெருக்குவதற்கு அண்டைப் பிராசஸரிடம் ஓரப் புள்ளிகளை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் அடுத்த அடி எவ்வளவு தூரம் என்று முடிவுசெய்ய இரண்டு உட்பெருக்கங்கள் வேண்டும், அதாவது இரண்டு திசையன்களைப் புள்ளிக்குப் புள்ளி பெருக்கிக் கூட்டிய தொகைகள். அவற்றுக்கு எல்லாப் பிராசஸர்களும் தங்கள் பங்கைக் கூட்டிக் கொடுத்து, மொத்தத் தொகை எல்லோருக்கும் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1024 பிராசஸர் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் புள்ளிக்கும் சற்றுக் குறைவு. அதற்கான பெருக்கலும் கூட்டலும் ஏறக்குறைய பத்தாயிரம் செயல்கள்; பத்து மைக்ரோநொடியில் முடிந்துவிடும். தொகையைக் கூட்டுவது இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தால் பத்துப் படி. நல்ல கிளஸ்டரில்கூட (பல கணினிகளை இணைத்த தொகுதியில்கூட) ஒரு செய்தி போய்ச் சேர ஒன்றிரண்டு மைக்ரோநொடி. அப்படி இரண்டு தொகைகள். ஆக, வேலை பத்து மைக்ரோநொடி, காத்திருப்பு இருபது, முப்பது மைக்ரோநொடி. இதற்கு மேல் பிராசஸரைக் கூட்டினால் வேலை குறையும், காத்திருப்பு ஏறும்.

இன்றைய கணினியில் பெருக்கல் மலிவு, பேச்சுத்தான் விலை. கடந்த சில பத்தாண்டுகளில் இந்தத் துறையில் வந்த நல்ல யோசனைகளில் பல, பேச்சைக் குறைக்கும் யோசனைகள். இரண்டு தொகையையும் ஒரே செய்தியில் அனுப்புவது, தொகை வந்து சேருமுன் அணிப் பெருக்கலைத் தொடங்கிவிடுவது, பல சுற்றுகளுக்கு ஒரே தடவையாகப் பேசிக்கொள்வது எல்லாம் அதற்காகத்தான்.

கடலை எப்படிப் பங்குபோடுவது? நீளப் பட்டையாகவா, சதுரமாகவா?

சதுரமாக. 100 பிராசஸருக்குப் பட்டையாக வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் பத்து வரிசை, 10,000 புள்ளி. மேலும் கீழும் சேர்த்து 2000 ஓரப் புள்ளிகளைப் பரிமாற வேண்டும். 100க்கு 100 சதுரமாக வெட்டினால் அதே 10,000 புள்ளிதான், ஆனால் ஓரம் 400தான்.

இன்னொன்று, கரை. நான் முதன்முதலில் இப்படி ஒரு நிரல் எழுதியபோது சதுரத்தை எட்டுச் செவ்வகமாக வெட்டி எட்டுப் பிராசஸருக்குக் கொடுத்தேன். ஒன்று கிட்டத்தட்ட முழுக்க நிலத்தில் விழுந்தது. அதற்கு வேலையே இல்லை. முழுக்கக் கடலில் இருந்தவை முடிக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் சும்மா நின்றது. எங்கே நேரம் போகிறது என்று தெரியாமல் இரண்டு வாரம் தேடினேன். பங்குபோடும்போது பரப்பளவை எண்ணாதீர்கள், கடல் புள்ளிகளை மட்டும் எண்ணுங்கள். பாம்பன் வாயிலும் தீவுகளைச் சுற்றியும் நெருக்கமாகவும், நடுக்கடலில் விரிவாகவும் முக்கோணக் கட்டவலை போட்டிருந்தால் கையால் வெட்ட முடியாது. மெட்டிஸ் என்ற இலவச நிரல் அதைச் செய்து தரும். புள்ளிகளைச் சமமாகப் பிரித்து, வெட்டும் ஓரத்தையும் குட்டையாக வைக்கும்.

என் லேப்டாப்பில் எட்டு கோர். மூன்று மடங்குதான் வேகம் வருகிறது. நிரலில் தப்பா?

பெரும்பாலும் தப்பு இருக்காது. ஸ்பார்ஸ் அணியில் ஒரு எண்ணுக்கு இரண்டு செயல், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். அதற்காக மெமரியிலிருந்து 12 பைட் கொண்டுவர வேண்டும்: மதிப்புக்கு 8, இடத்துக்கு 4. மெமரி நொடிக்கு 50 ஜிகாபைட் தரும் என்றால் நொடிக்குச் சுமார் 800 கோடி செயல்தான் மேல் எல்லை. மூன்று கோரே அந்தக் குழாயை நிரப்பிவிட்டால் மற்ற ஐந்தும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். எண்களை ஒற்றைத் துல்லியத்தில், 4 பைட்டில் வைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் எச்சத்தை, அதாவது விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டால் மிஞ்சும் வித்தியாசத்தை, இரட்டைத் துல்லியத்தில், 8 பைட்டில் கணக்கிடுங்கள்.

அம்டால் விதி என்கிறார்களே?

நிரலில் 5 சதவீதத்தைப் பிரிக்கவே முடியாது என்றால், எத்தனை பிராசஸர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. 16 பிராசஸரில் 9 மடங்குதான். 1967இல் ஜீன் அம்டால் சொன்னது. கணக்கை அப்படியே வைத்துப் பிராசஸரை மட்டும் கூட்டினால்தான் இந்தச் சுவர். கட்டவலையை நுணுக்கி, கணக்கையும் சேர்த்துப் பெரிதாக்கினால் சுவர் தள்ளிப்போகும்.

பிரீகண்டிஷனர் கட்டாயமா?

பெரிய கணக்குக்குக் கட்டாயம். உங்கள் அணியின் நேர்மாறு அணிக்கு ஏறக்குறைய சமமான, ஆனால் மலிவான ஒன்றை ஒவ்வொரு சுற்றிலும் பயன்படுத்துவதுதான் அது. சுற்றுகளின் எண்ணிக்கை சட்டென்று குறையும்.

மிக எளிது, ஒவ்வொரு பிராசஸரும் தன் பங்குக் கடலை மட்டும் தனியாகத் தீர்ப்பது. பேச்சே தேவையில்லை. பங்குகள் ஓரத்தில் சற்று ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வைத்தால் இன்னும் நன்றாக ஓடும். இந்த யோசனை 1870இல் ஷ்வார்ட்ஸ் என்ற கணிதவியலாளரிடமிருந்து வந்தது. அவருக்கு இருந்தது கணினி அல்ல, ஒரு நிரூபணத் தேவை. ஒழுங்கற்ற வடிவம் ஒன்றை, தீர்க்கத் தெரிந்த இரண்டு வடிவங்களாகப் பார்த்து, ஒன்றின் விடையை மற்றதன் ஓரத்தில் வைத்து மாற்றி மாற்றித் தீர்த்தார். வடகடல் விடையைப் பாம்பன் வாயில் வைத்துத் தென்கடலைத் தீர்ப்பது, அந்த விடையை வைத்து மறுபடி வடகடலைத் தீர்ப்பது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பங்குகள் கூடக்கூடப் பழைய பிரச்சினை திரும்பி வரும். தொண்டிச் செய்தி பங்கு பங்காகத் தாண்டித்தான் தனுஷ்கோடிக்கு வர வேண்டும். இதற்கு மருந்து மல்டிகிரிட். 1960களில் ரஷ்யாவில் ஃபெடரென்கோ தொடங்கிவைத்தார், 1977இல் ஆக்கி பிராண்டின் கட்டுரைக்குப் பிறகு பரவியது. 100 மீட்டர் கட்டவலையில் நான்கைந்து சுற்று ஓடினால் கரடுமுரடான பிழை அடங்கிவிடும். நீண்டு படுத்த மென்மையான பிழைதான் மிஞ்சும். மென்மையானதைப் பார்க்க இவ்வளவு புள்ளி எதற்கு? 200 மீட்டர் கட்டவலைக்கு இறங்குங்கள், பிறகு 400, 800. மேலே அசையாமல் கிடந்த பிழை கீழே போனதும் கரடாகத் தெரியும், அடங்கிவிடும். நன்றாக அமைந்தால், நம் 10 லட்சம் புள்ளியும் பத்துப் பதினைந்து சுழற்சியில் (இப்படி ஒரு தடவை இறங்கித் திரும்ப ஏறுவது ஒரு சுழற்சி) முடிந்துவிடும். புள்ளி கோடியானாலும் சுழற்சி ஏறக்குறைய அதேதான். இதை முதல் தடவை ஓடவிட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இணைக் கணிப்பில் இதற்கும் ஒரு குறை உண்டு. அடிமட்டக் கட்டவலையில் சில நூறு புள்ளிதான் இருக்கும், ஆயிரம் பிராசஸருக்கு அங்கே வேலை இல்லை. அந்த மட்டத்தை ஒரு சில பிராசஸரிடம் மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடுவது வழக்கம்.

நான்கு பிராசஸரில் ஒரு விடை, எட்டில் வேறு விடை. கடைசி இலக்கங்கள் மாறுகின்றன. ஏன்?

கணினியில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் தொகையின் கடைசி இலக்கம் மாறும். ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு சிறு துண்டு வெட்டப்படுகிறது, எது வெட்டப்படும் என்பது வரிசையைப் பொறுத்தது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் இலக்கத்தில் மாறினால் கவலை வேண்டாம். மூன்றாம், நான்காம் இலக்கத்திலேயே மாறினால் ஓரப் புள்ளிகளின் பரிமாற்றத்தில் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

அதன் மெமரி வேகம் லேப்டாப்பைவிடப் பல மடங்கு, பெரியவற்றில் நொடிக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டும். ஸ்பார்ஸ் பெருக்கலுக்கு அது நேரடி லாபம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தரவை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தினால் லாபமெல்லாம் வழியிலேயே போய்விடும். கணக்கு முழுவதும் கார்டுக்குள்ளேயே தங்கும்படி எழுத முடிந்தால் வாங்குங்கள்.

எல்லாவற்றையும் நானே எழுத வேண்டுமா?

ஒரு தடவை எழுதுங்கள். எம்பிஐ (பிராசஸர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் வழிமுறை) வைத்து ஒரு யாக்கோபி, ஒரு கான்ஜுகேட் கிரேடியன்ட். அதற்குப் பிறகு பெட்சி, டிரிலினோஸ், ஹைப்பர் போன்ற இலவசத் தொகுப்புகளைப் பயன்படுத்துங்கள். மல்டிகிரிட்டுக்கு ஹைப்பர், நேரடி நீக்கலுக்கு மம்ப்ஸ். பெட்சி வழியாகப் போனால் நிரலைத் தொடாமல், ஓட்டும்போதே முறையை மாற்றிப் பார்க்கலாம்.

பெரிய கணினி நமக்கு எங்கே கிடைக்கும்?

தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் 2022இல் திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப் (நொடிக்கு 838 லட்சம் கோடி செயல்கள்) திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற சூப்பர்கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. நம் கரைக்கு அருகில் உள்ளது அதுதான். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். கேட்கும் முன் எட்டு கோரில் அளந்த நேரத்தை ஓர் அட்டவணையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கோரில் எவ்வளவு, இரண்டில், நான்கில், எட்டில் எவ்வளவு என்று. எங்கே காத்திருப்பு ஏறுகிறது என்று அதுவே காட்டிவிடும்.

விடை சரிதான் என்று எப்படி நம்புவது?

கிடைத்த விடையை மூலச் சமன்பாட்டில் திரும்பப் போட்டு எச்சத்தைப் பாருங்கள். எச்சம் சிறியதாக இருந்தாலும், அணி மோசமானதாக (சிறு மாற்றத்துக்கும் விடை பெரிதாக ஆடும் வகையாக) இருந்தால் விடை தவறியிருக்கலாம். அதனால் 10க்கு 10 கட்டவலையில் நீக்கல் முறையின் விடையோடு ஒப்பிடுங்கள். பிறகு, சதுரத்தின் விளிம்பு எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் காற்றை மட்டும் வீசவிடுங்கள். வாடைக்காற்று வீசினால் நீர் தென்மேற்குக் கரையில் ஏற வேண்டும், எதிர்க்கரையில் இறங்க வேண்டும், மொத்த நீரின் அளவு துளியும் மாறக் கூடாது. மாறினால், பெரும்பாலும் இரண்டு பிராசஸர்களுக்கு இடையே ஏதோ ஓர் ஓர வரிசை இரண்டு தடவை எண்ணப்படுகிறது. அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.